குடிக்கணக்கும் மறைகாப்பும்

ஆட்சியாளர் குடிகளை எண்ணியதெல்லாம் அவர்தம் நலங்கருதி அன்று. ஒல்லாந்தர் ஈழத்தின் கரையோரப் பகுதிகளில் எழுதிய தோம்புகள் இதற்குச் சான்றாகும். தலைத்தோம்பிலே குடும்பத்தினர் பெயரும், நிலத்தோம்பிலே அவர்தம் காணியும் பதியப்பட்டன. யாரிடமிருந்து எவ்வளவு வரியும் ஊழியமும் பெறலாம் என அறிவதே நோக்கம். பெயர் ஏட்டிலேறினாற் சுமை தோளிலேறும் என்பதைக் குடியானவன் விரைவிற் கண்டுகொண்டான்.

ஆங்கிலேயர் காலத்திலும் அவ்வச்சம் நீங்கவில்லை. நீங்கக் காரணமும் இருக்கவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டே மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. இதன்பின் 23 ஆண்டுகளே கழிந்த நிலையில், 1871 மார்ச் 27இல், நாட்டின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு நடைபெற்றது. கண்ட தொகை 2,400,380. எண்ணும் பணிக்கு ஊர்த் தலைமைக்காரரின் துணை வேண்டப்பட்டது. வரிக்கும் காவலுக்கும் வருபவரே கணக்குக்கும் வந்தால், மக்கள் அவரிடம் மெய்யுரைப்பர் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

இச்சிக்கலுக்குச் சட்டம் தந்த விடையே மறைகாப்பு. 1900ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டுக் கட்டளைச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் புள்ளிவிபரக் கட்டளைச் சட்டமும் இத்துறைக்கு அடிப்படையாயின. அண்டை நாடாகிய இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கெடுப்புப் பதிவேடுகளைப் பிறர் பார்வையிடலாகாது எனவும், அவை பொதுவாக வழக்குகளிற் சான்றாகா எனவும் தெளிவாகக் கூறுகின்றது.

ஆயினும், வாசலிலே நிற்பவர் எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறார் என்பதை வீட்டார் அறிவதில்லை. 1963இல் தலைமைக்காரர் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். வாக்காளர் இடாப்பு, நிவாரணப் பட்டியல், வதிவிடச் சான்றிதழ் என அனைத்தும் அவர் கையினூடாகவே சென்றன. பாலையூற்று வாசிக்கு இவையனைத்தும் ஒரே அரசாங்கத்தின் தாள்களே. 1983 ஜூலையிற் கொழும்பிலே தமிழர் இல்லங்களை இனங்காண வாக்காளர் இடாப்புகள் பயன்பட்டமையை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதே மாதத்திலே திருகோணமலையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. வாக்காளர் இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் ஆவணம். குடிசன மதிப்பீட்டுத் தாள் அவ்வாறன்று. இவ்வேறுபாடு புள்ளிவிபரவியலாருக்கு மிகப் பெரிது. எரிந்த வீட்டுக்காரருக்கு அது எம்மாத்திரம்?

விந்தை யாதெனில், அதே 1983ஆம் ஆண்டு டிசம்பர் 15இல் மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்விடயத்தையே ஆராய்ந்தது. குடிசன மதிப்பீட்டில் மக்கள் அளித்த விடைகளைக் கொண்டு வதிவிடப் பதிவேடுகளைத் திருத்த இடமளித்த விதியை அது செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஒருவர் தம்மைப் பற்றிய தகவல் எவ்வாறு பயன்படுத்தப்படலாம் எனத் தாமே தீர்மானிக்கும் உரிமையை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. நிறுத்தப்பட்ட கணக்கெடுப்பு, சட்டம் திருத்தப்பட்ட பின்னர் 1987இலேயே நடைபெற்றது. நாசி ஆட்சியில் 1939இல் முன்னோரின் இனத்தை வினவிய தனித்தாள்கள் உறையிலிட்டுச் சேகரிக்கப்பட்டதை அந்நாடு மறந்திருக்கவில்லை.

இலங்கையிலோ 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பின் இருபதாண்டுகள் எண்ணிக்கையே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களிலேயே பணி முழுமை பெற்றது. திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பகுதியே எண்ணப்பட்டது. ஆகவே 2012 வரை, 31 ஆண்டுகளாக, இம்மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. இடம்பெயர்ந்தோர் எத்தனை பேர், மீண்டோர் எத்தனை பேர் என்பன மதிப்பீடுகளாகவே நின்றன. பாடசாலைக்கு ஆசிரியரும் மருத்துவமனைக்குக் கட்டிலும் இத்தொகைகளைக் கொண்டே கேட்கப்படுகின்றன. மறைந்திருந்தோர் தம் பங்கையும் உடன் மறைத்தவராயினர்.

நடைமுறையை எளிதாக்குதல் என்பது வினாக்களைக் குறைத்தல் மட்டுமன்று. பெயரை விடையினின்று விரைவிற் பிரித்தெடுத்தலும், இடாப்பு எழுதும் கையையும் கணக்கெடுக்கும் கையையும் வேறாக்குதலும் அதனுள் அடங்கும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் கைக்கணினிகள் பயன்பட்டன. தோம்பு பூட்டிய பெட்டகத்தில் இருந்தது. இவ்விடைகள் எங்கிருக்கும், எவர் திறப்பர் என்னும் வினா மட்டும் பழைய படலையிலேயே நிற்கின்றது.