விழுப்புண்ணும் விரற்காயமும்

புறநானூற்றின் 14ஆம் பாடலிலே கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனது வன்கையையும் தம்போன்ற புலவரது மென்கையையும் ஒப்புநோக்குகின்றார். தோட்டியும் வில்லும் பயின்றமையால் மன்னன் கை வலிதாயிற்று. ஊனும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாமையால் புலவர் கை மெலிதாயிற்று. விருந்தளித்த கையும் உண்ட கையும் பேசப்படும் அப்பாட்டில், அவ்வூனை அரிந்த கையைப் பற்றிப் பேச்சில்லை. நற்றிணை 120இல் வாளைமீன் அரிந்து விரல் சிவந்த பெண்ணொருத்தியைக் காண்கின்றோம். ஆயினும் அவள் இல்லாள்; கூலிக்குச் சமைப்பவள் அல்லள். போர்க்களத்துப் புண்ணை விழுப்புண் எனப் போற்றிய மரபு, கூலிக்குக் கத்தி பிடித்தவனின் புண்ணைப் பொருட்படுத்தவில்லை. அப்போக்கு சங்ககாலத்தோடு நீங்கியதா என்பதே இக்கட்டுரையின் வினா.

வீரமுனை, சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளின் கடைத்தெருக்களில் மாலையில் நடப்போர் கொத்து ரொட்டித் தகடுகளின் ஓசையைக் கேளாதிருத்தல் அரிது. ஓசையெழுப்பும் அத்தகடுகளைவிட, பின்கட்டில் ஓசையின்றி இயங்கும் கத்தியே அபாயமானது. வெங்காயமும் லீக்சும் இறைச்சியும் அங்கே கிலோக்கணக்கில் அரியப்படுகின்றன. பெரும்பாலும் வெட்டுப்படுவது கத்தி பிடித்த கையன்று. பொருளைப் பிடித்த கையே, அதிலும் சுட்டுவிரலும் பெருவிரலுமே. மழுங்கிய கத்திக்கு அழுத்தம் மிகுதியாக வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அது வழுக்கும். ஆதலாற் கூரிய கத்தியினும் மழுங்கியதே பொல்லாதது என்பர் தொழிலறிந்தோர். தமிழகத்து அரிவாள்மனையிலோ அலகு அசையாது நிற்க, இரு கைகளுமே அதனை நோக்கிச் செல்கின்றன. காயம் சிறிதாயினும் விரலை மடக்கும் தசைநாண் அறுபட்டுவிட்டால், தைத்த பின்னரும் விரல் பழைய நிலைக்கு மீளும் என்பதற்கு உறுதியில்லை.

இத்தகைய காயத்தைச் சட்டம் எவ்வாறு நோக்கியது? கைத்தொழிற் புரட்சிக்குப் பின் எழுந்த நட்டஈட்டுச் சட்டங்கள் இயந்திரத்தையே மனத்திற்கொண்டவை. 1897ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் புகையிரதப் பாதை, தொழிற்சாலை, சுரங்கம், கற்குழி முதலிய இடங்களுக்கே உரியதாயிருந்தது. ஹோட்டல் அடுக்களை அதன் எல்லைக்குப் புறத்தே நின்றது. 1906இல் சேவை ஒப்பந்தத்தின்கீழ் உழைப்போரிற் பெரும்பாலாரையும் உள்ளடக்கிச் சட்டம் விரிக்கப்பட்டபோதே சமையலாளனும் உள்ளே வந்தான்.

அதே 1906இல் அமெரிக்காவில் அப்டன் சிங்கிளயரின் ‘த ஜங்கிள்’ நாவல் நூலாக வெளிவந்தது. சிக்காகோ இறைச்சிச் சாலைகளிற் கத்தியாற் பெருவிரல் சிதைந்த தொழிலாளரை அது காட்டிற்று. வாசித்தோர் பதறினர், ஆனால் தம் தட்டிலுள்ள இறைச்சியை எண்ணியே பதறினர். அவ்வாண்டு யூன் 30ஆம் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையொப்பமாயின. விரல் சிதைந்தோருக்கு அவற்றில் ஏதும் இல்லை.

உண்பவனே முதலிடம் பெறும் இந்நோக்கு நம் நாட்டிலும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்பவனின் நலனையே நாடுவது. சமையலாளன் கையில் ஆறாத புண்ணைக் காணும் சுகாதாரப் பரிசோதகர் அதனை உணவுக்கு நேரக்கூடிய கேடாகவே கொள்வார். அது தவறன்று, புண்ணிலிருந்து உணவிற் பரவும் ஸ்டஃபிலோகொக்கஸ் நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழிவதில்லை. ஆனால் அப்புண்ணுக்கு உரியவன் கதை வேறிடத்தில் இருக்கிறது.

இந்தியாவில் 1923இலும் இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தாலும் வேலையாள் நட்டஈடு நிலைபெற்றது. இந்தியச் சட்டத்திற் பின்னர் திருத்தப்பெற்ற பட்டியல் ஒன்று சுவையானது. சுட்டுவிரல் முழுவதும் போனால் உழைக்கும் ஆற்றலில் 14 சதவீத இழப்பு. எலும்பு போகாது நுனி மட்டும் துண்டிக்கப்பட்டால் 5 சதவீதம். மன்னர் காலத்திற் பெயரற்றிருந்த காயத்துக்கு ஆங்கிலேயர் காட்டிய வழியில் விலை ஏற்பட்டது எனலாம். எனினும் பட்டியலைவிட முக்கியமானது காத்திருப்புக் காலமாகும். முதலிற் பத்து நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாதவனுக்கே நட்டஈடு. 1933இல் அது ஏழாகவும் 1959இல் மூன்றாகவும் குறைந்தது. சுரங்கம் சரிந்தால் மூன்று நாட்களில் எவனும் எழுவதில்லை. அடுக்களைக் காயமோ பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே ஆறிவிடுகின்றது. அல்லது ஆறியதாகக் கருதித் துணி சுற்றிக்கொண்டு அவன் திரும்பிவிடுகிறான்.

இலங்கையில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஹோட்டல் ஊழியரையும் தழுவியது. நோய்க்கும் சொந்த அலுவலுக்குமென ஆண்டுக்கு ஏழு நாள் விடுமுறையை அது அளித்தது, பெரும் பேறுதான். ஆயினும் விரல் வெட்டுப்பட்ட இரு நாட்கள் அந்த ஏழிலேயே கழிந்துவிடுமாயின், வரவுப் புத்தகத்தில் ஏறுவது ‘விபத்து’ அன்று, ‘லீவு’. பதிவேடுகளை மட்டும் புரட்டும் ஆய்வாளனுக்குச் சுரங்கத்தின் காயம் கிடைக்கும். அடுக்களையின் காயம் கிடையாது. நாட்கூலிக்கு நிற்பவனுக்கோ அந்த ‘லீவு’ப் பதிவுமில்லை; வராத நாளுக்குக் கூலியில்லை என்பதோடு அவன் கணக்கு முடிகின்றது.