கூற்றும் கலப்பும்: ராப், ப்ளூஸ், கண்ட்ரி பாடல்களில் கதைசொல்லல்

ஃபிராங்க் ஹட்சிசன் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்த வெள்ளையர். 1927இல் ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் ஒரு கொலைக்கதையைப் பாடிப் பதிவு செய்தார். மறு ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்து அவலான் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் ஜான் ஹர்ட் அதே நிறுவனத்துக்கு அதே கதையைப் பாடினார். ஹட்சிசனின் தட்டு 45000 என்ற எண்வரிசையில், வெள்ளையருக்கான பழம்பாடல்களோடு சேர்க்கப்பட்டது. ஹர்ட்டின் தட்டு 8000 என்ற வரிசையில், கறுப்பினத்தவருக்கென்று விற்கப்பட்ட ‘இனத் தட்டுகள்’ நடுவே வந்தது. இத்தனைக்கும் ஹர்ட்டை ஓக்கே நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தவர் வில்லி நார்மர் என்ற வெள்ளையர். ஃபிடில் வாசிப்பவரான அவரும் ஹர்ட்டும் உள்ளூரில் சேர்ந்து வாசித்தவர்கள். வாசித்தவர்களைப் பட்டியல் பிரித்தது.

கண்ட்ரி, ப்ளூஸ் என்று இன்று நாம் வழங்கும் பாகுபாடு பெரிதும் 1920களின் இத்தகைய விற்பனைப் பட்டியல்களால் இறுகிப்போனது என்பதைக் கார்ல் ஹாக்ஸ்ட்ரோம் மில்லர் ‘செக்ரிகேட்டிங் சவுண்ட்’ (2010) என்ற நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வெள்ளையரின் மலைநாட்டு இசைக்கு அடையாளமாகிவிட்ட பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவிகளின் வழிவந்ததுதான். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, ராப்பும் கண்ட்ரியும் சேரும் ஒவ்வொரு பாடலையும் பிரிந்த உறவு கூடிவிட்டதாகக் கொண்டாடுவது அண்மைக் காலத்தில் வழக்கமாகியிருக்கிறது. வரலாறு சரிதான், அதிலிருந்து எடுக்கும் முடிவு அவசரமானது. ஒரே கிளையில் பிறந்தவை என்பது இரண்டும் ஏன் சேர முடிகிறது என்பதை விளக்கும். சேர்ந்தவற்றுள் சில ஏன் நிற்கின்றன, பல ஏன் வேடம் கட்டியவைபோல் தோன்றுகின்றன என்பதை அது விளக்காது. அதை விளக்கக் கருவியிசையை விட்டுக் கூற்றுக்குச் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பாட்டில் பேசுபவர் யார், கேட்பவர் யார், நடந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு அருகில் நின்று பேசுகிறார் என்பவையே உண்மையான கலப்பு நிகழும் இடங்கள்.

அகப்பாடல்களில் பழகியவர்களுக்கு இந்த நோக்கு புதிதாக இராது. பெயர் சுட்டப்படாத ஒருத்தி தன் நிலையைச் சொல்கிறாள். கதை முழுவதும் சொல்லப்படுவதில்லை. ப்ளூஸின் ‘நான்’ ஏறக்குறைய அப்படிப்பட்டது. அது யாருடைய வாயிலும் பொருந்தும். அதற்குத் துயரம் உண்டு, தொடர்ச்சியான நிகழ்ச்சிக்கோவை குறைவு. கதைப்பாடலின் கூற்று படர்க்கையில் நிற்கும்: பாடுபவர் ஒதுங்கிக்கொள்ள, கொலையும் தூக்கும் தாமே நடப்பனபோல் நடக்கும். கண்ட்ரிப் பாடல் இவ்விரண்டுக்கும் இடையில் தனக்கென்று ஓர் உத்தியை வளர்த்துக்கொண்டது. சரணங்கள் கதையை நகர்த்த, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பல்லவியின் பொருள் மாறிவிடும். ராப்பில் பேசும் ‘நான்’ பெயருள்ளது. தெரு, வட்டாரம், ஆண்டு எல்லாம் சொல்லி, நான் அங்கிருந்தேன் என்று சாட்சி கூறும்.

ஹட்சிசனும் ஹர்ட்டும் பாடிய கொலை 1895 டிசம்பர் 25 அன்று செயின்ட் லூயிஸ் நகரில், பில் கர்ட்டிஸ் என்பவரின் மதுக்கடையில் நடந்தது. ‘ஸ்டாக் லீ’ என்று அறியப்பட்ட லீ ஷெல்டன், பில்லி லயன்ஸ் என்பவரைச் சுட்டார். தகராறு ஒரு தொப்பியைப் பற்றியது. ஷெல்டன் 1912இல் சிறையில் இறந்தார். அதற்குள் பாட்டு அவரைவிட நெடுந்தூரம் போயிருந்தது. 1911இல் நாட்டார் வழக்காற்று இதழொன்றில் ஹாவர்ட் ஓடம் அதன் வடிவங்களை அச்சேற்றினார். 1925இல் மா ரெய்னி பாடினார். 1959இல் லாய்ட் பிரைஸ் பாடியது அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. தொலைக்காட்சிக்காக அதே பாட்டில் சூதாட்டத்தையும் கொலையையும் நீக்கி இருவரையும் சமாதானப்படுத்திய வடிவமும் ஒன்று உண்டு. அது கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

இத்தகைய பாடல்களை நாட்டாரியலாளர் டி.கே. வில்கஸ் ‘ப்ளூஸ் கதைப்பாடல்’ என்று தனி வகையாக்கினார். ஐரோப்பிய மரபின் கதைப்பாடல் நிகழ்ச்சிகளை முறைப்படி அடுக்கும். இவ்வகையோ கதை கேட்பவருக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டு, தொப்பி, துப்பாக்கி, கெஞ்சல் எனத் துண்டு துண்டாகக் காட்சிகளை மட்டும் வீசும். ராப் கதைகளில் பயின்ற காதுக்கு இந்த முறை உடனே பிடிபடும். வெளியூர்க்காரருக்கு விளக்கம் சொல்ல நிற்காத, தன் வட்டாரத்தாரிடம் பேசும் கூற்று அது.

ஆனால் ஸ்டாக் லீயின் கதையில் இதைவிட முக்கியமான ஒரு மாற்றம் பாட்டுக்கு வெளியே, பேச்சில் நடந்தது. சிறைகளிலும் முடிதிருத்தகங்களிலும் தெருமுனைகளிலும் கறுப்பின ஆண்கள் எதுகையோடு சொல்லிவந்த நீண்ட வாய்மொழிக் கதைகளுக்கு ‘டோஸ்ட்’ என்று பெயர். ரோஜர் ஆப்ரகாம்ஸ் பிலடெல்பியாவில் திரட்டி 1964இலும், புரூஸ் ஜாக்சன் டெக்சஸ் சிறைகள் உள்ளிட்ட இடங்களில் திரட்டி 1974இலும் அவற்றை நூலாக்கினர். டோஸ்ட் வடிவங்கள் பலவற்றில் ஸ்டாக் லீயின் கதை தன்மையில் தொடங்குகிறது. ‘அவன் சுட்டான்’ என்றிருந்தது ‘நான் சுட்டேன்’ ஆகிறது. கதைப்பாடலில் தண்டனைக்குக் காத்திருந்த குற்றவாளி, டோஸ்டில் கதைசொல்லியாகவே எழுந்துவிடுகிறான். அவனிடம் வருத்தமும் இல்லை. லாஸ்ட் போயட்ஸ் குழுவின் ஜலால் நூரிதின் 1973இல் ‘லைட்னிங் ராட்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘ஹஸ்லர்ஸ் கன்வென்ஷன்’ டோஸ்ட் முறையை இசையோடு ஓர் இசைத்தட்டு முழுவதற்கும் நீட்டியது. ஹிப்-ஹாப்பின் முதல் தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்தது. ராப்பின் ‘நான்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1895ஆம் ஆண்டின் அந்த மதுக்கடைக்கு ஒரு கோடு போட முடியும் என்பேன்.

ராப் பேச்சு, கண்ட்ரி பாட்டு, ஆகவே இரண்டும் ஒட்டா என்ற மறுப்பு இன்னும் கேட்கிறது. அதற்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. தென் கரோலினாவின் கிறிஸ் புஷியான் 1926இல் ‘டாக்கிங் ப்ளூஸ்’ என்ற பேச்சுப்பாட்டைப் பதிவு செய்தார். உடி கத்ரி அம்முறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். சான் குவென்டின் சிறையில் 1969இல் ஜானி கேஷ் நிகழ்த்திய ‘எ பாய் நேம்ட் சூ’, சார்லி டேனியல்ஸ் குழுவின் 1979ஆம் ஆண்டுப் பிசாசுக் கதை ஆகியவற்றில் மெட்டு மிகக் குறைவு. தாளத்தோடு எதுகை போட்டுப் பேசிக் கதை சொல்வது கண்ட்ரிக்கு என்றுமே அயலாக இருந்ததில்லை.

கூற்று நிலையில் கலப்பு நிகழ்ந்த பாடலுக்கு நான் முதலில் காட்டுவது எவர்லாஸ்ட் 1998இல் வெளியிட்ட ‘வாட் இட்ஸ் லைக்’. ‘ஹவுஸ் ஆஃப் பெயின்’ என்ற ராப் குழுவிலிருந்து வந்தவர் அவர். அந்தப் பாட்டில் ஒரு கிட்டாரும் எளிய தாளமும்தான் உண்டு. பாஞ்சோ இல்லை, குதிரை இல்லை. மதுக்கடை வாசலில் கையேந்தும் ஒருவர், காதலனால் கைவிடப்பட்டுக் கருக்கலைப்புக்குச் செல்லும் ஒரு பெண், போதைப்பொருள் விற்றுச் சுடப்பட்டுச் சாகும் ஓர் இளைஞன் என்று மூன்று சிறுகதைகள். கூற்று கதைப்பாடலுக்குரிய படர்க்கை. காட்சிகளின் நெருக்கமும் தெருமொழியும் ராப்புக்குரியவை. பல்லவியோ முழுக்கக் கண்ட்ரி: ஒவ்வொரு முறையும் அதன் கடைசிச் சொற்கள் மட்டும் அந்தந்த மனிதரின் நிலைக்கேற்ப மாறுகின்றன. மாறிய அச்சிறு இடத்தில் கேட்பவரை நோக்கி நேரே ஒரு விரல் நீள்கிறது. இப்பாட்டிலிருந்து ராப்பை உருவிவிட்டுக் கண்ட்ரியை மட்டும் தனியே வைத்துக்கொள்ள முடியாது. கலப்பு என்று நான் சொல்வது இதை.

ஸ்லிக் ரிக் 1988இல் பாடிய ‘சில்ட்ரன்ஸ் ஸ்டோரி’ இதற்கு முன்னோடி. கொள்ளைக்குப் போய்த் துரத்தப்பட்டுச் சாகும் சிறுவனின் கதையை, குழந்தைகளைத் தூங்கவைக்கும் பெரியவரின் கூற்றாக அமைத்ததால், ராப்பிலேயே படர்க்கைக் கதைப்பாடலின் விலகல் கைகூடியது. அரெஸ்டட் டெவலப்மென்ட் குழுவின் ‘டென்னஸி’ (1992) வேறு வழியில் சென்றது. பாட்டியையும் அண்ணனையும் அடுத்தடுத்து இழந்த பாடகர் ஸ்பீச், அதில் கடவுளை முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். முன்னோர் தூக்கிலிடப்பட்ட மரங்கள் நிற்கும் கிராமத்துக்குத் திரும்பிச் செல்கிறார். ராப் முழுவதும் நகரத்தையே தன் சாட்சிக்கூண்டாகக் கொண்டிருந்த ஆண்டுகளில் வந்த பாட்டு என்பதை மறக்கலாகாது.

மறுபுறம், ஒலி கச்சிதமாகக் கலந்து கூற்று காணாமல் போன முயற்சிகள் உண்டு. வட மிசிசிப்பிக் குன்றுப்பகுதியின் ஆர்.எல். பர்ன்சைட் வாசித்த ப்ளூஸ் பெரும்பாலும் ஒரே சுரக்கூட்டின் மேல் சுழல்வது. ஹிப்-ஹாப்பின் மறுசுழற்சித் தாளத்துக்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடைப்பது அரிது. 1998இல் வந்த அவரது ‘கம் ஆன் இன்’ தொகுப்பு அப்படித்தான் உருவானது. மோபி மறு ஆண்டு ‘பிளே’ தொகுப்பில், ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்திருந்த அலபாமாவின் வேரா ஹால் குரலை வெட்டிச் சுழலவிட்டார். இரண்டும் காதுக்கு இனியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வெட்டிச் சுழற்றும்போது ஒரு வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஓர் ஒலியாகச் சுருங்கிவிடுகிறார். வேரா ஹால் 1964இலேயே காலமானவர். தன் குரல் எதற்கு நடுவே ஒலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே இல்லை.

‘ஹிக்-ஹாப்’ என்று அழைக்கப்படும் பாடல்களில் குறை வேறு வகை. கோல்ட் ஃபோர்டும் பிரான்ட்லி கில்பர்ட்டும் எழுதி, 2011இல் ஜேசன் ஆல்டீன் பெருவெற்றியாக்கிய ‘டர்ட் ரோட் ஆந்தம்’ போன்றவை ராப்பின் இடப்பெயர் சொல்லும் பழக்கத்தை எடுத்துக்கொண்டன. ராப்பில் தெருவின் பெயர் சாட்சியத்தின் பகுதி. அங்கு ஏதோ நடந்திருக்கிறது. இங்கோ மண்சாலை, பீர், பழைய நண்பர்கள் என்று அடுக்கப்படுபவை அடையாள அட்டைகள். அடுக்கு வளர்கிறது, கதை நகர்வதில்லை. பப்பா ஸ்பார்க்ஸ் 2003இல் டிம்பலாண்டோடு செய்த ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பு அதே ஊரக மண்ணிலிருந்து வந்தும், தோல்வியடைந்த ஒருவன் திரும்பி எழும் கதையாக விரிந்தது. ஆல்டீனைவிட எட்டாண்டு முன்பே வந்த அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இந்த அளவுகோலை ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டின் மீது வைத்தால் சங்கடமான விடை கிடைக்கிறது. நெதர்லாந்தின் இளைஞர் யங்கியோ, நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் 2008ஆம் ஆண்டுப் பதிவொன்றிலிருந்து எடுத்த நரம்பிசையின் மேல் அமைத்த தாளத்தை லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். பாட்டின் நீளம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 2019 மார்ச்சில் பில்போர்டின் கண்ட்ரித் தரவரிசையில் 19ஆம் இடத்தில் நுழைந்தது. இன்றைய கண்ட்ரியின் கூறுகள் போதவில்லை என்ற காரணத்தோடு நீக்கப்பட்டது. பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவம் வந்த பின் பொதுத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. நீக்கத்துக்கு இனப்பாகுபாடே காரணம் என்ற விமர்சனம் வலுவானது. ஓக்கே நிறுவனத்தின் எண்வரிசைகளை அறிந்தவர் எளிதில் ஒதுக்கக்கூடியதும் அன்று. ஆனால் பாட்டில் கதை இருக்கிறதா? குதிரையேறிய ஒருவன் தன்னை யாரும் அடக்க முடியாது என்கிறான், அவ்வளவே. இது டோஸ்டின் தற்பெருமைக் கூற்று. அதன் வலிமையும் அங்கேதான்: கண்ட்ரியின் உடையை அணிந்துகொண்டு, கண்ட்ரியின் கூற்றை மட்டும் ஏற்க மறுத்துவிட்டது.

கண்ட்ரியின் ‘நான்’ பெரும்பாலும் அடிபட்டவன், அல்லது மனம் வருந்துபவன். இதை வைத்துப் பார்த்தால் பிற்பட்ட ஏற்புகளும் மறுப்புகளும் வேறு ஒளியில் தெரிகின்றன. நாஷ்வில்லில் ராப் பாடிக் காலம் தள்ளிய, இளமையில் சிறை சென்ற ஜெல்லி ரோல், ‘சன் ஆஃப் எ சின்னர்’ போன்ற பாவமன்னிப்புப் பாடல்களோடு கண்ட்ரிக்குள் வந்தார். 2023இல் கண்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் புதிய கலைஞராகத் தேர்ந்தது. சிறைக்கதையின் ‘நான்’ அதேதான், வருத்தம் மட்டும் சேர்ந்திருக்கிறது. ஜெல்லி ரோல் வெள்ளையர், ஆகவே தோல்நிறமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சொல்லலாம். ஆனால் நைஜீரியக் குடியேறிகளின் மகனான ஷபூஸி 2024இல், ஜே-குவானின் இருபதாண்டுப் பழைய ராப் கொண்டாட்டப் பாட்டை எடுத்து, விலைவாசியும் வேலையும் நெருக்கும் ஒருவன் மதுக்கடைக்குப் போகும் புலம்பலாக மாற்றினார். அதுவும் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது; அதே சங்கத்தின் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. லில் நாஸ் எக்ஸுக்கும் சைரஸுக்கும் அச்சங்கம் 2019இல் ஒரு விருது தந்தது என்பது என் வாதத்துக்கு எதிரான சான்று. சைரஸ் சேர்ந்த வடிவத்துக்கே அது கிடைத்தது என்றாலும் முழுவதும் தள்ளிவிட இயலாது.

பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ (2024) இந்த எல்லையை அறிந்தே தொட்டது. டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ (1973) தன் கணவனைப் பறித்துவிடாதே என்று ஓர் அழகியிடம் கெஞ்சும் பெண்ணின் கூற்று. பியான்சே மெட்டையும் முன்னிலையையும் வைத்துக்கொண்டு கெஞ்சலை எடுத்துவிட்டார். இப்போது பேசுபவள் எச்சரிக்கிறாள், தன் ஊரையும் குடும்பத்தையும் சொல்லி மிரட்டுகிறாள். இது கதைப்பாடலின் படர்க்கையிலிருந்து டோஸ்டின் தன்மைக்கு ஸ்டாக் லீ நகர்ந்ததற்கு இணையான மாற்றம். அதை ஒரு பெண்குரல் செய்திருக்கிறது. மெட்டு மாறாததால் கேட்பவர் பழைய கெஞ்சலையும் கூடவே கேட்கிறார், இரண்டு கூற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. கிராமி அந்தத் தொகுப்புக்கு 2025இல் சிறந்த கண்ட்ரித் தொகுப்புக்கான விருதையும் ஆண்டின் தொகுப்புக்கான விருதையும் அளித்தது. கண்ட்ரி இசைச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் அதற்கு ஓரிடம்கூட இல்லை.