ஓலை வாசிப்பும் பொருளுணர்வும்

சிறார் வாசிப்பு எழுத்தறிதலில் தொடங்கி, சரளம் பெற்று, பொருளுணர்வில் முடிகிறது என்பது பொதுக் கொள்கை. ஓலைச்சுவடிக் காலத் தமிழுக்கு இவ்வரிசை பொருந்துவதாகத் தெரியவில்லை. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, சொல்லிடைவெளி இராது, எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம், காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். 'எரி'யா 'ஏரி'யா, 'கொடு'வா 'கோடு'வா என்பதை எழுத்து காட்டாது, இடம்தான் காட்டும். பொருள் விளங்காதவனுக்கு ஒலிப்பே ஐயத்திற்குரியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணரிடம் அவர்தம் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்த பின்னரே பல இடங்களில் தெளிவு பெற்றார். அத்துணைப் பெரும் புலவர் நிலையே அதுவாயின், திண்ணைப் பள்ளிச் சிறுவன் என்செய்வான்?

அவன் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, ஆத்திசூடி முதலியவற்றை முதலில் நெட்டுருச் செய்தான். பிற்காலக் கல்வியாளர் இதனைப் பொருளற்ற உருப்போடல் என இகழ்ந்தனர். பொருள் பலருக்கு விளங்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் பொருளறிவு செய்யவேண்டிய பணியை அவனிடம் நினைவு செய்தது என்பது என் கருத்து. நெஞ்சில் இருந்த பாடலையே கண் ஏட்டில் இனங்கண்டது.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அக்குறில் நெடில்களுக்குத் தனி வடிவம் தந்தார். அச்சு, புள்ளியையும் இடைவெளியையும் நிலைப்படுத்தியது. முன்பு கேளாத பாடத்தைப் பொருளறியாமலே ஒரு சிறுவன் தடையின்றி வாசிப்பது அதன் பின்னரே எளிதாயிற்று.