பதின்மூன்று திராட்சை, ஒரு கோட்டை

நாசிக் கிளையில் இருந்தபோது திராட்சைத் தோட்டக் கடன் ஃபைல்கள்தான் என் மேஜையில் அதிகம். ஒயின் திராட்சை போட்டிருந்த ஒரு விவசாயியிடம், "ஒரே ரகமாகப் போட்டால் பராமரிப்பு சுலபம்தானே?" என்று கேட்டேன். "பிரான்சில் ஓர் ஊரில் 13 ரகம் வரை கலக்கிறார்கள் சார்" என்றார். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. "போயும் போயும் சாராய ஆராய்ச்சியா?" என்கிறார் அம்மா :-)

ஒயினின் பெயர் ஷாத்தோநெஃப் து பாப். போப்பின் புதுக்கோட்டை என்று அர்த்தம். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் தெற்குப் பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களில் 22-ஆம் ஜான், பக்கத்து ஊரில் ஒரு கோட்டை கட்டினார். போப்பால்தான் ஒயினுக்குப் பெருமை என்று பலரும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் 1893 வரை ஊர்ப்பெயரிலேயே போப் கிடையாது! ஷாத்தோநெஃப் கால்செர்னியே என்று சுண்ணாம்புக் காளவாயை வைத்து வந்த பெயர்தான்.

சரி, ஏன் கலக்க வேண்டும்? முக்கிய ரகமான கிரெனாஷ் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். சர்க்கரை ஏறிப் பழுக்கும். ஆனால் பூ உதிரும், ஒயினின் நிறம் சீக்கிரம் மங்கும், காற்றுப் பட்டால் கெடும். அதற்குத்தான் துணைகள். சிரா கருநிறமும் மிளகு வாசனையும் தரும். மூர்வெத்ர கடைசியாகப் பழுக்கும், துவர்ப்புத் தரும், ஒயினை வருஷக்கணக்கில் கெடாமல் காக்கும். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். நம் ஊரில் கடலையோடு துவரை போடுகிற கணக்குதான். இப்போதும் அங்கே கிரெனாஷ்தான் பெரும்பங்கு. 13-ஐயும் கலப்பவர்கள் சிலர்தான்.

1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்தது ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி. வேரை உறிஞ்சி, ரோன் நதியின் கீழ்ப்பகுதியில் தொடங்கி நாடு முழுக்கத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அதற்குள் சந்தையில் சரக்கு இல்லை. சரக்கு இல்லாத இடத்தில் போலி வந்துவிடும், பாங்கில் இருப்பவனுக்கு இது புதிதில்லை. உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின், சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி ஒயின்! விலை விழுந்து, 1907-ல் தெற்குப் பிரான்சின் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள்.

ஷாத்தோநெஃபின் பெயரையும் கண்டவர்கள் ஒட்டி விற்றார்கள். 1923-ல் விவசாயிகள் பரோன் லெ ருவா என்பவரிடம் போனார்கள். சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் விமானி, அந்த ஊர்த் தோட்டக்காரர் வீட்டு மாப்பிள்ளை. வழக்கு நடத்தச் சம்மதித்தார், ஆனால் முதலில் நீங்கள் யோக்கியமாக இருக்க வேண்டும் என்றார்.

இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. அடுத்தவனைத் தடுக்கும் முன் தங்களுக்கே விதி போட்டுக்கொண்டார்கள். லாவெண்டரும் தைமும் வளரும் வறண்ட நிலத்தில்தான் கொடி நடலாம். இன்னின்ன ரகம் மட்டும். ஒயினில் ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம். அறுவடையில் கெட்ட பழத்தைக் கட்டாயம் கழிக்க வேண்டும். 1936-ல் இது அரசு அங்கீகாரமாயிற்று. பிரான்சின் முதல் சில பெயர்ப்பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று. இப்படிக் கட்டுப்பட்ட பிறகுதான் அந்தப் பெயர் சொத்தானது, அடமானம் வைக்கலாம் போல!

கோட்டைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வெடி வைத்ததில் ஒரு பகுதிதான் மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருவோம். அங்கே மாட்டிறைச்சியை ஒயின், தைம், ஆரஞ்சுத் தோலோடு மணிக்கணக்கில் வேகவைத்த 'தோப்', பூண்டு செருகிச் சுட்ட ஆட்டுத்தொடை இதற்கு ஜோடி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பை அடக்கிவிடும். சைவர்களுக்குக் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த ராத்தத்தூயி உண்டு.

"நம்ம செட்டிநாட்டுக் கறிக்குச் சேருமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சேராது. ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டும், இதில் 14 சதவீதத்துக்கு மேலும் போகும். மிளகாயைக் குறைத்து மிளகில் செய்த ஆட்டுக்கறி என்றால் ஒருவேளை ஒத்துப்போகலாம். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.