மாடு செத்தது, பழி யாருக்கு?

ஏழாண்டுப் போர் 1756இல் தொடங்கி 1763இல் முடிந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. வகுப்பறையில் நாமும் அதைச் சொல்லித் தருகிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். எந்தக் கோட்டை எவன் கையில் வீழ்ந்தது, எந்த மன்னன் எவனைத் தழுவினான், பிறகு எவனை உதறினான், எல்லாம் உண்டு அந்த ஏடுகளில். அதே போர் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1762ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு லியோன் நகரின் புறஞ்சேரியில், பழைய சத்திரம் ஒன்றில், ஒரு பள்ளி திறக்கப்பட்டது. சத்திரத்தின் பெயர் ‘வளம்’. சேர்ந்தவர்கள் ஒரு சில இளைஞர்கள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அது! அதைப்பற்றி நம் பாடநூலில் ஒரு வரி இல்லை. குதிரை மீதேறிக் கொன்றவனுக்குப் பக்கம் பக்கமாக இடம். குதிரையைக் காத்தவனுக்கு இல்லை.

அந்தப் பள்ளி ஏன் பிறந்தது? ஐரோப்பாவை அந்த நூற்றாண்டு முழுவதும் அலைக்கழித்த கொடுமை ஒன்று உண்டு. நம் உழவர்கள் வெக்கை நோய் என்று அழைப்பது அதனைத்தான். செருமானியர் ரிண்டர்பெஸ்ட் என்றனர்; மாட்டுக் கொள்ளை நோய் என்பதே அதன் பொருள். அந்த ஒரு நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாண்ட மாடுகள் 20 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். 20 கோடி! ஏர் நின்றது; வண்டி நின்றது; பால் வற்றியது; எரு காணாத நிலம் விளைய மறுத்தது. உழவன் ஓடினான், எங்கே? மாதா கோயிலுக்கு. பாதிரி சொன்னார்: ஆண்டவனின் சினம், நீ செய்த பாவம், நோன்பு இரு, ஊர்வலம் போ! நாடெங்கும் வழிபாட்டு நாள்கள் அறிவிக்கப்பட்டன. மாடுகளோ செத்துக்கொண்டே இருந்தன. மாட்டுக்கு நோய் வந்தால் மனிதனைக் குற்றவாளியாக்குவது மாரியம்மன் பூசாரிக்கு மட்டும் உரிய கலை அன்று. சிலுவை ஏந்தியவர்க்கும் அது கைவந்த கலையே.

வேடிக்கை என்னவெனில், முதல் மறுப்பு போப்பாண்டவரின் அரண்மனைக்குள்ளிருந்தே வந்தது. பதினோராம் கிளமெண்டின் மருத்துவர் லான்சீசி என்பவர். 1713இல் நோய் ரோமாபுரியின் புல்வெளிகளில் புகுந்தபோது அவர் கூறிய வழிகள் எவை? நோயுற்ற மாட்டைக் கொல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதை, மந்தைகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு ஓட்டாதே, சந்தையை மூடு. நோய் வானிலிருந்து இறங்கவில்லை, மாட்டிலிருந்து மாட்டுக்குத் தாவுகிறது என்ற துணிபே அதன் அடிப்படை. கட்டளையை மீறிய எளியவனுக்குத் தூக்கு. மீறியவன் பாதிரியானால் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை! தண்டனையிலும் மேல் கீழ் பார்த்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். ஆயினும் நோய் அடங்கியது. 1714இல் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் அதே வழியைப் பின்பற்றினார். ஒன்றைக் கூடுதலாகவும் சேர்த்தார். கொல்லப்படும் மாட்டுக்கு உழவனிடம் ஈட்டுப் பணம் கொடுத்தார். வயிற்றில் அடித்துவிட்டு அறிவைப் போதித்தால் எவன் கேட்பான்? நோயுற்ற மாட்டை மறைக்க வேண்டிய தேவை உழவனுக்கு இல்லாமற் போனது.

இனி லியோன் நகருக்கு வருவோம். பள்ளியைத் தோற்றுவித்த கிளாடு பூர்ஷலா மருத்துவர் அல்லர், சட்டம் பயின்றவர். நேர்மையற்ற வழக்கொன்றில் வென்றுவிட்டு, அந்த வெற்றியைத் தாங்க மாட்டாமல் தொழிலை விட்டார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியிருப்பினும், 1740இல் லியோன் நகரக் குதிரையேற்றப் பள்ளியின் தலைவரானார். குதிரையின் உடலை ஆராய்ந்து நூல் எழுதினார். நம் தோழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று: தீதரோவும் தாலம்பேரும் தொகுத்த கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அரசனும் மதபீடமும் தடை விதித்த அந்தப் பகுத்தறிவுப் பெருநூல், அதில் குதிரை பற்றியும் லாடத் தொழில் பற்றியும் கட்டுரைகள் எழுதியவர் இந்தப் பூர்ஷலாவே. எதையும் கேட்டு நம்பாதே, பிரித்துப் பார் என்று முழங்கிய அந்தக் கூட்டத்தின் ஒரு கிளை மாட்டுத் தொழுவத்திற்கும் போயிற்று. நிதியமைச்சர் பெர்த்தின் துணை நின்றார். 1761 ஆகஸ்டில் அரசாணை கிடைத்தது. ஆறாண்டுகளுக்கு 50,000 லிவர் பணமும் கிடைத்தது. 1765இல் பாரிசு நகருக்காக இன்னொரு பள்ளி அமைந்து, அடுத்து அல்போர் என்னுமிடத்தில் நிலைகொண்டது.

யார் படிக்க வந்தார்கள்? பிரபுக்களின் பிள்ளைகளா? இல்லை. பெரும்பாலோர் லாடம் அடிப்போரின் பிள்ளைகள், சிற்றூர்க்காரர்கள். அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது மருந்தன்று, உடற்கூறு. செத்த விலங்கை அறு, எலும்பை எண்ணு, தசையைப் பிரி, நலமுற்ற குடல் எப்படியிருக்கும் என்று கண்ணால் காண், அதன்பின் நோயுற்றதைப் பார். அல்போரில் உடற்கூறு கற்பித்த பிரகொனார், அறுத்த உடல்களைப் பதப்படுத்தி நிறுத்துவதில் வல்லவர். தோலுரித்த குதிரை மீது தோலுரித்த மனிதன் வீற்றிருக்கும் அவரது ஆக்கம் இன்றும் அங்குள்ள காட்சிசாலையில் இருக்கிறது. அவரைப் பித்தர் என்று கூறி 1771இல் வேலையினின்று நீக்கினார்கள். நீக்கியவர் வேறு யாருமல்லர், பூர்ஷலாவே. அறிவாளர்களும் ஒருவரையொருவர் பொறுப்பதில்லை! எனினும் பள்ளியின் புகழ் பரவிற்று. சுவீடனிலிருந்து லின்னேயசின் மாணவர் எர்ன்குவிஸ்ட் வந்தார். தென்மார்க்கிலிருந்து அபில்கார்டு வந்தார். திரும்பிப் போய்த் தத்தம் நாட்டில் பள்ளிகள் கண்டார்கள்.

கால்நடை மருத்துவம் மனித மருத்துவத்தை விடக் கடினம் என்பர். காரணம் வெளிப்படை. நோயாளி பேசமாட்டான். எங்கே வலி, எப்போது தொடங்கிற்று, நேற்று என்ன உண்டாய், ஒன்றும் கேட்கவியலாது. கண்ணும் கையும் கத்தியும் தவிர மருத்துவனுக்கு வேறு துணையில்லை. வெக்கை கண்ட மாட்டுக்குக் கடுங்காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து பின் சீழாகும். ஈறிலும் நாவிலும் தவிடு தூவினாற்போல் புண். பிறகு நாற்றமெடுத்த கழிச்சல். சில நாள்களில் சாவு. வாய்ப்புண் கோமாரியிலும் வரும். ஆனால் கோமாரியில் குளம்பிடுக்கிலும் புண் தோன்றும், பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஐயமிருப்பின் செத்த மாட்டின் குடலைத் திறந்து பார்க்க வேண்டும். வெக்கையில் மாண்டதெனில், மலக்குடலின் உட்சுவரில் வரிக்குதிரையின் உடல் போலச் செங்கோடுகள் தெரியும். சாத்திரம் எழுதியவன் காணாத எழுத்து அது.

நூறாண்டு கழிந்து, 1865இல், வெக்கை பிரிட்டனுக்கு மீண்டும் வந்தது. தலைமைப் பேராயர் தொழுகை நடத்தச் சொன்னார். தொழுகையால் இயற்கையின் போக்கு மாறுமோ என்று இயற்பியலறிஞர் டிண்டல் செய்தித்தாளில் எழுதிக் கேட்டார்; வைதிகர் கொதித்தனர். கேம்சியும் சேண்டர்சனும் கொதிக்கவில்லை, வெப்பமானியை எடுத்தார்கள். மற்ற அறிகுறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே மாட்டின் உடல் சூடு ஏறிவிடுகிறது என்று கண்டார்கள். தொழுவத்தில் நலமாக நின்று அசைபோடும் மாட்டையும் இனம் பிரிக்க வழி கிடைத்தது.

நம் நாட்டு நிலை என்ன? பசுவைத் தாய் என்று போற்றும் நாடு இது. தாய் உயிரோடிருக்கும் வரை பூசை, பொட்டு, பொங்கல். தாய் செத்துவிட்டாலோ, தொட்டுத் தூக்கச் சேரிக்கு ஆள் போகும்! தூக்கியவன் தீண்டத்தகாதவன்; தோலுரித்தவன் ஊருக்கு ஆகாதவன். லியோனில் செத்த குதிரையை அறுத்தவனின் கையில் எழுதுகோலைக் கொடுத்தார்கள். இங்கே செத்த மாட்டின் உட்புறத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவனுக்கு எழுத்தை மறுத்தோம். எழுத்தறிந்தவனோ செத்த மாட்டருகே செல்ல மறுத்தான். கண்டவன் எழுதவில்லை, எழுதியவன் காணவில்லை. இரண்டுக்கும் நடுவே மாடு செத்தது.

மறுத்ததோடு விட்டோமா? 19ஆம் நூற்றாண்டின் நடுவில், வடமேற்கு மாகாணங்களில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, தோலுக்காகச் சமார் மக்கள் நஞ்சிட்டுக் கொல்கிறார்கள் என்று பழி எழுந்தது. வெள்ளையர் ஆட்சி நம்பிற்று. வீடுகள் சோதனையிடப்பட்டன, வழக்குகள் நடந்தன. நஞ்சிட்ட நிகழ்ச்சிகள் சில இருந்திருக்கலாம்; அதற்காக ஒரு சாதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? தோல் அவர்களுக்குரியது என்று விதித்தவர்கள் யார்? மாடு செத்தால் தோல் அவர்கள் கைக்குப் போகும். ஆகவே கொன்றவர்களும் அவர்களே என்றார்கள். நோய் இன்னதென்று அறியாத இடத்தில் பழி, மேலே இருக்கும் தெய்வத்தின் மீது விழும், அல்லது கீழே மிதிபட்டுக் கிடப்பவன் மீது விழும். 1871இல் ஹாலன் தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது: இந்நாட்டில் மாடுகளைப் பெருவாரியாக மாய்ப்பது வெக்கை நோய் என்று. பழி சுமந்தவர்களிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக நாம் படித்ததில்லை.

அறுத்துப் பார் என்பதையும் மந்திரமாக்கிவிடக் கூடாது. அடைப்பான் நோயில் மாடு திடீரென விழுந்து சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வடியும். அந்த உடலை அறுக்கவே கூடாது என்று இன்று மாணவனுக்குக் கற்பிக்கிறார்கள். அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு, கெட்டியான உறை பூண்டு, மண்ணில் பல்லாண்டு கிடந்து மீண்டும் கொல்லும், மனிதனையும் கொல்லும். 1876இல் ராபர்ட் காக் விளக்கிக் காட்டிய உண்மை இது. காதிலிருந்து ஒரு துளிக் குருதியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாலே போதும். கத்தியை எப்போது கீழே வைப்பது என்பதும் பாடந்தான்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1936இல் பல்கலைக் கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக அத்துறையில் பட்டம் வழங்கும் நிலை பெற்றது. அதன் அறுவைக் கூடத்தில் செத்த மாடு கிடக்கும் மேசையைச் சுற்றிப் பல சாதிப் பிள்ளைகளும் நின்றாக வேண்டும். தேர்வில் தேற வேண்டுமெனில் தொட்டாக வேண்டும். அக்கிரகாரத்துப் பிள்ளைக்குத் தனி மேசை போட முடியாது! 1932இல் இராணிப்பேட்டையில், வெக்கையைத் தடுக்கும் ஊநீர் செய்வதற்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. கிருமி எது என்பதோ அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நுண்ணிய வடிகட்டியையும் ஊடுருவிச் செல்லும் நச்சுயிர் என்று கான்ஸ்டாண்டிநோபிளில் நிக்கோலும் துருக்கியரான ஆதில் பேயும் 1902இல் காட்டியிருந்தனர். முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் ஆட்டின் உடல் வழியே நச்சுயிரை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி கண்டார். பின்னர்க் கென்யாவில் பிளௌரைட் கண்ட தடுப்பூசி அதனினும் சிறந்து நின்றது. 1954இல் இந்திய அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் நம் வட ஆர்க்காட்டில்தான் கண்டறியப்பட்டது; ஊநீர் நிலையமும் தோல் பதனிடும் தொழிலும் நிறைந்த அதே வட்டாரம். 2011இல், உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் அது.

எனவே இன்று கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர் எவரும் வெக்கை மாட்டைக் கண்டதில்லை, படத்தில்தான் காண்கிறார். ஆனால் அந்த நச்சுயிரின் நெருங்கிய உறவு ஒன்று எஞ்சி நிற்கிறது; ஆட்டுக்கொல்லி என்று பெயர். காய்ச்சல், கண்ணீர், ஈறில் தவிட்டுப் புண், கழிச்சல் என அறிகுறிகள் பெரும்பாலும் அவையே. கூடவே மூச்சுத் திணறலும் உண்டு. ஏழைப் பெண்கள் வளர்க்கும் நாலைந்து ஆடுகளை அது ஒரு வாரத்தில் வாரிக்கொண்டு போகிறது. 2030க்குள் இதையும் ஒழிக்க வேண்டுமென்று உலக நாடுகள் திட்டம் தீட்டியுள்ளன. ஊசி இருக்கிறது. கிராமத்தில் ஆடு விழுந்ததும், கயிறு மந்திரிக்க ஓடுமுன், அதன் வாயைத் திறந்து ஈறைப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.