பித்தக் கல்லில் பிறந்த பெயர்

‘கொலஸ்ட்ரால் கூடிப்போச்சு’ என்கிற வாயே அடுத்த மூச்சில் ‘கொழுப்பு கூடிப்போச்சு’ என்றும் சொல்கிறது. முதற்சொல் பிறந்ததோ, ‘இது கொழுப்பன்று’ என்று பிரித்துக் காட்டத்தான்.

பித்தப்பைக் கல்லில் கிடைத்த மெழுகுபோன்ற வெண்பொருளைப் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல் காரம் சேர்த்துக் காய்ச்சினார். கொழுப்பாயின் சவர்க்காரமாக வேண்டும், இதுவோ ஆகவில்லை. ஆகவே 1816இல், பித்தத்தைக் குறிக்கும் ‘கோலே’, திண்மையைக் குறிக்கும் ‘ஸ்டெரியோஸ்’ என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்துக் ‘கொலஸ்டெரீன்’ என்றார். 1859இல் வேதியியலர் பெர்த்தலோ இதை ஆல்ககால் இனமெனக் காட்டியதன் வழியே, ஈறு பின்னாளில் ‘ஓல்’ ஆயிற்று. கிரேக்கர் ‘மெலன்கோலியா’வில் கரும்பித்தத்தை மனச்சோர்வாக்கியதும், நாம் பித்தத்தினின்று பித்தனைப் படைத்ததும் இங்கே நினைவுக்கு வந்தால் பிழையில்லை.

நம் ‘கொழுப்பு’ வேறு நிலத்துப் பயிர். செழித்தலும் பருத்தலுமாகிய ‘கொழு’ என்னும் வினையில் முளைத்து, ‘கொழுமை’யில் வளமாய் நின்று, ‘உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு’ என்னும் ஏச்சில் செருக்காய்த் திரிந்த சொல். ழகரம் நாவில் உருளும்போதே ஒரு திரட்சி தெரிகிறதல்லவா? ஊனின் வெண்மைக்குப் பழந்தமிழில் ‘நிணம்’ இருந்தது. அதில் ஏச்சு இல்லை. கொலஸ்ட்ராலுக்குக் ‘கொழுப்பு’ என்று பேரிட்டதும், நோயாளி பாதிக் குற்றவாளியாகிவிட்டார்.

மாரடைப்புக்குக் கொலஸ்ட்ரால்தான் காரணமா என்னும் வழக்கு குழம்பியதில் இந்தப் பெயர்க்கலப்புக்கும் பங்குண்டு. 1913இல் ரஷ்யாவில் ஆய்வாளர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டினார். தமனிச் சுவர்களில் அது படிந்தது. இலையுண்ணும் முயல் மனிதனுக்குச் சான்றாகுமா என்றனர் மறுத்தோர். நம் உடலிலோ கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த உணவுக் கொலஸ்ட்ரால் வரம்பை 2015இன் அமெரிக்க வழிகாட்டுநெறி நீக்கியதும் ‘கொழுப்பு குற்றமற்றது’ என்று பலர் ஆர்ப்பரித்தனர். விடுபட்டது முட்டை மஞ்சட்கரு. குருதியில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் அன்று. அதைக் குருதியிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கண்டறிந்த கோல்ட்ஸ்டைனும் பிரவுனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வேற்பி பிறவியிலேயே பழுதான பிள்ளைகளுக்கு இளமையிலேயே மாரடைப்பு வருகிறது. ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்டிஎல்லைக் குறைக்கையில் மாரடைப்பும் குறைகிறது. இவ்விரண்டையும் எதிர்வாதம் எளிதில் தாண்ட முடியாதென்பதே என் துணிபு.

‘கெட்ட கொழுப்பு’ என்பதும் இரட்டைப் பிழை: எல்டிஎல் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஊர்தி, நன்மையும் தீமையும் ஊர்திக்கே, சரக்கு ஒன்றுதான். குருதிச் சோதனைத் தாளில் மெய்யான கொழுப்பு ‘டிரைகிளிசரைடு’ என்னும் பெயரில் தனிவரியாக நிற்கிறது. அதை யாரும் ஏசுவதில்லை.