இடுப்புக் கிண்ணத்தின் கதை



எங்கள் கோவிலம்பாக்கத்தில் இன்றும் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் வைத்துத்தான் சோறு ஊட்டுகிறார்கள். அப்போது குழந்தையின் கால்கள் இருபுறமும் அகன்றிருக்கும். தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் நன்றாகப் பொருந்தி உட்காரும். ஜப்பானில் குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1970களில் அதை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். மூட்டு விலகும் குறை வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கிண்ணம் ஆழமில்லாமலே வளர்ந்துவிடுகிறது. உடல் பாரம் சிறிய விளிம்பில் இறங்குவதால் குருத்தெலும்பு தேய்கிறது. இருபது, முப்பது வயதில் தொடை இடுக்கில் வலி தொடங்குகிறது.

1957இல் கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் ராபர்ட் சால்டர், குழந்தைகளுக்கு இடுப்பெலும்பை வெட்டிக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தார். வளர்ந்தவர்களுக்கு எலும்பு இறுகிவிடும். அந்த ஒரு வெட்டு போதாது. 1984இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரெய்னோல்ட் கான்ஸ் வழி கண்டார். கிண்ணத்தைச் சுற்றி வெட்டி, பந்தை நன்றாக மூடும்படி திருப்பி, திருகாணியால் பொருத்தினார். பின்பக்க எலும்புத் தூணைத் தொடவில்லை. அதனால் இடுப்பு வளையம் குலையாது. ஊன்றுகோல் பிடித்துச் சீக்கிரமே எழுந்து நடக்கலாம். இதன் பெயர் 'பெரிஅசிடாபுலர் ஆஸ்டியாடமி'.

அவரிடம் முதலில் செய்துகொண்டவர்களைச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். கவனிக்க முடிந்த 68 இடுப்புகளில் 41 செயற்கை மூட்டு தேவைப்படாமல் இருந்தன. வயது கூடி, தேய்மானம் முற்றிய பிறகு செய்துகொண்டவர்களுக்கே பலன் குறைவாக இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன்? என் பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்கு இந்த அறுவை சிகிச்சை தேவை என்கிறார்கள். வயது இருபத்து மூன்று. "முதலில் கல்யாணம் முடியட்டும், வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும், பிரசவத்துக்கும் இடைஞ்சல்" என்கிறார்களாம் வீட்டுப் பெரியவர்கள். பிரசவப் பாதையின் அளவை மாற்றாதபடிதான் கான்ஸ் இந்த முறையை அமைத்தார். சுகப்பிரசவத்துக்கு இதனால் தடையில்லை.

பெரிய அறுவைதான், அனுபவமுள்ள எலும்பு மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். ஆனால் வரன் காத்திருக்கும், குருத்தெலும்பு காத்திருக்காது. உங்கள் வீட்டுப் பிள்ளை தாங்கித் தாங்கி நடந்தால், "நேராக நட" என்று அதட்டாதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.